தாத்தாவின் டிட்டோனியும் ஓர் எழுத்துப்பிழையும்

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த சின்ன அத்தை, மேசைமேல் துணி விரித்து நான் அடுக்கி வைத்திருந்த ஒன்பது வாட்சையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதுல தங்கம் எத்தனை பவுன்டா தேறும்?" என்று கேட்டார். ஒரு குந்துமணிகூட இல்லை அத்தை, எல்லாம் எவர்சில்வர்தான் என்றேன். முறுக்குத் தட்டின் பக்கம் திரும்பியவர், அதற்கப்புறம் வாட்சைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அத்தையைக் குறை சொல்ல முடியாது. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் வாட்சுக்கு விலை போடுகிறவர் அடகுக்கடைக்காரர். ரோலெக்ஸ், ஒமேகா என்றால் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு பார்ப்பார், மற்றதைத் தொடக்கூட மாட்டார். ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் நகையும் வாட்சும் ஒரே பிஸ்கட் டின்னில்தான் கிடந்தன, அவசரத்துக்கு எது காசாகுமோ அதுதான் உசத்தி. அந்தக் கணக்கில் தப்பொன்றும் இல்லை. ஆனால் வாட்ச் சேர்க்கிறவர்களிடம் போனால் அது தலைகீழாக நிற்கும். அதை அத்தையிடம் சொல்ல அன்றைக்கு வாய்க்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பதேக் பிலிப் என்ற ஜெனீவா கம்பெனி 1941-ல் 1518 என்று ஒரு மாடலைக் கொண்டுவந்தது. அதில் ஸ்டாப்வாட்ச் உண்டு, எந்த மாதத்துக்கு முப்பது நாள், எந்த வருஷம் லீப் வருஷம் என்று தானே கணக்குப் பண்ணிக்கொள்ளும் காலண்டரும் உண்டு. மொத்தமே 281 செய்தார்கள், கிட்டத்தட்ட எல்லாம் தங்கத்தில். எவர்சில்வரில் செய்ததாகத் தெரிந்தவை நாலே நாலு. அந்த நாலில் ஒன்று 2016-ல் ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்து 11 மில்லியன் சுவிஸ் பிராங்குக்குப் போனது. தங்கத்தில் செய்த அதே மாடல் பெரும்பாலும் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அத்தை கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

அப்போ அபூர்வமாக இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. எங்கள் பழைய தோட்டத்துத் தச்சர் செய்த முக்காலி உலகத்திலேயே ஒன்றுதான், அதை யார் தேடி வருகிறார்கள்? இன்னொரு பக்கம் ரோலெக்ஸ் வருஷத்துக்கு ஒரு மில்லியனுக்கு மேல் வாட்ச் செய்கிறது என்று மதிப்பிடுகிறார்கள், அப்படியும் எவர்சில்வர் மாடல்கள் சிலவற்றுக்குக் கடையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. செய்த எண்ணிக்கையை விட, கேட்கிற ஆள் எத்தனை பேர் என்பதுதான் விலை. அந்தக் கேட்பும் ஏறி இறங்கும். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மச்சான் 2022 ஆரம்பத்தில், விலை உச்சியில் நின்ற நேரம் பார்த்து, வெளிச் சந்தையில் ஒரு ரோலெக்ஸ் சப்மரினர் வாங்கினார். அந்த வருஷமே விலை இறங்க ஆரம்பித்தது. இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே, "நான் கட்டறதுக்குத்தான் வாங்கினேன்" என்கிறார். நல்லது, கட்டட்டும்.

நேரம் சரியாகக் காட்டுவதற்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில் கிடைக்கிற கேசியோ எஃப்-91டபிள்யூ மாதத்துக்கு அரை நிமிஷம் முன்பின் போனால் பெரிய விஷயம். சுவிஸ்காரர்கள் சோதித்து, துல்லியமானது என்று சான்றிதழ் கொடுக்கிற மெக்கானிக்கல் வாட்ச் ஒரு நாளைக்கே 6 வினாடி வரை வேகமாகவோ 4 வினாடி வரை மெதுவாகவோ ஓடலாம். மாதக் கணக்கில் பார்த்தால் இந்த மலிவு வாட்ச், முப்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வாட்சை ஜெயித்துவிடும். இதில் வேடிக்கை, குவார்ட்ஸ் என்கிற இந்தப் பேட்டரி வாட்ச் ரகம் பிறந்தபோது அதுதான் பணக்காரன் சாமான். 1969 கிறிஸ்துமஸ் அன்றைக்கு சீக்கோ வெளியிட்ட குவார்ட்ஸ் அஸ்ட்ரோன் விலை 450,000 யென், அன்றைக்கு ஜப்பானில் ஒரு சின்னக் கார் வாங்கிவிடலாம். பத்துப் பதினைந்து வருஷத்தில் குவார்ட்ஸ் மலிந்து தெருவுக்கு வந்து, சுவிட்சர்லாந்தில் வாட்ச் தொழிலில் இருந்த 90,000 சொச்சம் பேர் சுமார் 30,000 ஆனார்கள். மணி பார்க்கிற வேலை கையை விட்டுப் போன பிறகுதான், சாவி கொடுக்கிற வாட்ச் நகைப் பெட்டிச் சாமானாக மாறியது.

சரி, தாத்தா கதைக்கு வருகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தாத்தா பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தார், அப்புறம் மண்டோர், அதாவது ஆட்களை மேற்பார்க்கிறவர், ஆனார். 1979-ல், வேலையில் இருபத்தைந்து வருஷம் முடித்ததற்காகத் தோட்டக் கம்பெனி அவருக்கு ஒரு டிட்டோனி ஆட்டோமேட்டிக் கொடுத்தது. டிட்டோனி 1919-ல் கிரென்ஹன் என்ற சுவிஸ் ஊரில் தொடங்கிய கம்பெனி. டயலில் ஐந்து இதழ் வைத்த பிளம் பூ இருக்கும், அதனாலேயே சீனர்களுக்கு ரொம்பப் பிடித்தமான வாட்ச். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "பூ வாட்ச்". பின்மூடியில் கம்பெனி பெயர், 25 ஆண்டு, தாத்தாவின் பெயர் என்று ஆங்கிலத்தில் மூன்று வரி பொறித்திருந்தது. தாத்தா பெயரில் ஓர் எழுத்தைக் காணோம். ஆபீஸ் கிராணி (கணக்கர்) செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் எந்தக் காலத்திலோ விழுங்கிய எழுத்து அது, அங்கிருந்து அடையாள அட்டைக்குப் போய், அங்கிருந்து என் அப்பாவின் அடையாள அட்டையில் "அனாக் லெலாக்கி"க்கு (மலாயில் மகன்) பின்னால் ஒட்டிக்கொண்டு, கடைசியில் வாட்ச் முதுகிலும் ஏறிவிட்டது. அப்படிப் பார்த்தால் அந்தப் பிழைதான் எங்கள் குடும்பத்தின் சரியான பெயர்.

வேலைக்குப் போகும்போது தாத்தா அதைக் கட்டியதே இல்லை. ஸ்டோரில் பாலை உறைய வைக்கிற ஆசிட் பட்டால் கெட்டுவிடும் என்று பயம். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற நேரத்துக்கு, மணி பார்க்க அவருக்கு வாட்சும் தேவைப்படவில்லை, விடியுமுன் மரத்தடியில் நிற்க வேண்டும், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும், அவ்வளவுதான் அவர் கடிகாரம். கோயில் திருவிழா, கல்யாணம், ஓட்டுப் போடுகிற நாள், இதற்குத்தான் பூ வாட்ச். மற்ற நாளில் அலமாரியில் நின்று கிடக்கும். கட்ட வேண்டிய அன்றைக்குக் காலையில் எடுத்து, இருமல் மருந்து குலுக்குவதுபோல் குலுக்கி ஓட வைப்பார்.

பாட்டி ஒரு கதை சொல்வார். 1981 டிசம்பர் 31 ராத்திரி, கிழக்கு மலேசியாவில் இருக்கிற சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று மலேசியத் தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளச் சொன்னார்கள். பதினொன்றரை ஆனதும் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும். தாத்தா லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசலில் விளக்கடியில் உட்கார்ந்து, ரேடியோவைக் கேட்டுக்கொண்டே டிட்டோனியின் சாவியை இழுத்து முள்ளைத் திருப்பினாராம். "அரை மணி நேரத் தூக்கத்த எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்" என்று திட்டிக்கொண்டே திருப்பியதில் ஏதோ உடைந்து, வாட்ச் அன்றைக்கே நின்றுவிட்டது, பொங்கல் செலவுக்கு வைத்திருந்த காசில் ஈப்போவுக்குக் கொண்டுபோய் ரிப்பேர் செய்தார் என்பார். நாங்கள் யாரும் நம்பவில்லை. பாட்டி கதைகளில் பாதிக்கு மேல் பொங்கல் காசு செலவாகிவிடும்.

தாத்தா 1996-ல் போய்ச் சேர்ந்தார். வாட்ச் அப்பாவிடம் வந்து, ஓடாமல் கிடந்து, எட்டு வருஷத்துக்கு முன்னால் என் கைக்கு வந்தது. முதல் சம்பளம் வாங்கிய திமிர், வாட்ச் பற்றி மண்ணும் தெரியாது. ஒரு பேரங்காடியில் இருந்த கடையில் கொடுத்து, "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்றேன். இந்த வார்த்தையை யாரும் எந்த வாட்ச் கடையிலும் சொல்லாதீர்கள். இரண்டு வாரம் கழித்து உறையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார்கள், பளபள என்று இருந்தது, டயலுக்குப் புதுப் பெயின்ட், பூவுக்குப் புது மினுக்கம். திருப்பினேன். முதுகு கண்ணாடி மாதிரி இருந்தது, என் மூக்கு அதில் தெரிந்தது. மூன்று வரியும் போயே போய்விட்டது. கடைப் பையன் சிரித்த முகமாக, "பின்னாடி கீறலா இருந்துச்சு அண்ணா, அதையும் ஃப்ரீயா எடுத்துட்டோம்" என்றான். அவன்மேல் கோபப்படக்கூடத் தோன்றவில்லை, நான் கேட்டதைத்தானே செய்தான்.

அதற்கப்புறம்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. என்னதான் தொலைத்தேன் என்று தெரிந்துகொள்ளப் படிக்க ஆரம்பித்தவன், படிக்கப் படிக்க வயிறு எரிந்தேன். வாட்ச் சேர்க்கிற ஆள் முதலில் பார்ப்பது டயல், அது பிறந்தபோது இருந்த டயலா என்று. மறுபெயின்ட் அடித்த டயல் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலையில் பெரிய பங்கு அங்கேயே போய்விடும். அடுத்து உடம்பு. பட்டை மாட்டுகிற நாலு கொம்பிலும் கம்பெனி வெட்டிய விளிம்பு கூராக இருக்கிறதா, இல்லை பாலிஷ் பட்டுப் பட்டு சப்பிய மிட்டாய் மாதிரி உருண்டுவிட்டதா? ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் உலோகத்தைச் சுரண்டித்தான் பளபளப்பைத் தருகிறது, சுரண்டியது திரும்ப வளராது. கீறல் இருந்தால் இருக்கட்டும் என்பார்கள். பெட்டியும் வாங்கிய சீட்டும் கூட இருந்தால் தனி விலை, அதையெல்லாம் நம் வீடுகளில் யார் வைத்திருந்தார்கள், டிட்டோனி பெட்டியில் பாட்டி ஊசி நூல் வைத்திருந்தார்.

இன்னும் கேளுங்கள், நாம் குறை என்று நினைப்பதற்குத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள். ஐம்பது அறுபதுகளில் வந்த சில கறுப்பு டயல்கள் பெயின்ட் கோளாறால் வெயில் பட்டுப் பட்டு காப்பிப் பொடி நிறமாகிவிட்டன, அதற்கு "டிராபிகல்" என்று பெயர் வைத்து அதிக விலைக்கு வாங்குகிறார்கள். டிராபிகல் ஊரிலேயே பிறந்து வளர்ந்த நம் வாட்சுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு, ஈரம் புகுந்து டயலில் பூஞ்சை பூத்துவிடும், அதற்கு எவனும் விலை தரமாட்டான். தொண்ணூறுகளின் நடுவில் வந்த ரோலெக்ஸ் டேட்டோனாக்கள் சிலவற்றில், சின்ன வட்டங்களின் ஓரம் அரக்கு கெட்டுப் பழுப்பாகியிருக்கிறது. புதிதில் வந்திருந்தால் மாற்றிக் கேட்டிருப்பார்கள், இப்போது அந்தப் பழுப்புக்காகவே தேடி அலைகிறார்கள்.

பின்மூடியில் பெயர் பொறித்திருந்தால் சாதாரணமாக விலை இறங்கும், ஊர் பேர் தெரியாதவன் பெயரை யார் கையில் கட்டுவார்கள்? ஆனால் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டிய டேட்டோனாவின் முதுகில், கார் பந்தயம் ஓட்டுகிற கணவனுக்கு அவர் மனைவி, பார்த்து ஓட்டு என்று பொறித்துக் கொடுத்திருந்தார். அந்த ரக டயல் வந்த காலத்தில் சரியாக விற்கவே இல்லை. 1984-ல் நியூமன் அதைத் தன் மகளின் நண்பருக்குச் சும்மா கழற்றிக் கொடுத்தார். 2017-ல் நியூயார்க் ஏலத்தில் 17.75 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது. அந்த வாசகத்தை ஒரு நல்ல மனம் படைத்த கடைப் பையன் இலவசமாகத் துடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தாத்தாவின் டிட்டோனி அந்த ரகமில்லை, தெரியும். பாலிஷ் படாமல் இருந்திருந்தாலும் சில நூறு வெள்ளிதான். அந்த மூன்று வரியும் எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் ஒரு காசு பெறாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விடிகாலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஈப்போ பசார் காராட்டுக்கு, அதாவது பழைய சாமான் சந்தைக்குப் போவது பழக்கமாகிவிட்டது. தார்ப்பாய் விரித்து, பழைய விசில், நாணயம், மண்ணெண்ணெய் விளக்கு இவற்றுக்கு நடுவில் வாட்ச் கிடக்கும். நான் அதிகம் வாங்குவது சீக்கோ 5, கைக்கு எட்டுகிற விலை, நம் அப்பா மாமாக்கள் கட்டிய வாட்ச். பின்மூடியில் ஆறு இலக்க எண் இருக்கும், முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், அடுத்தது மாதம், அக்டோபருக்கு பூஜ்யம், நவம்பருக்கும் டிசம்பருக்கும் அந்த மாதத்தின் ஆங்கில முதல் எழுத்து. 8-ல் தொடங்கினால் 1978-ஆ 1988-ஆ என்ற குழப்பம் வரும், அதைப் பல நேரம் உள்ளே இருக்கிற இயந்திரத்தின் எண்ணை வைத்துப் பிரித்துவிடலாம். போன மாதம் ஆரஞ்சு டயலில், 7009 என்ற இயந்திரம் போட்ட ஒரு சீக்கோ 5, தகதக என்று இருந்தது, விற்கிற அங்கிள் "ஒரிஜினல் லா" என்று சத்தியமே செய்தார். பூதக்கண்ணாடி வைத்து டயலின் கீழ் ஓரத்தைப் பார்த்தேன். ஆறு மணிக்குக் கீழே எறும்பு வரிசை மாதிரி ஒரு எண் வரி இருக்க வேண்டும், அதில் இருக்கிற இயந்திர எண் முதுகில் இருக்கிறதோடு ஒத்துப்போக வேண்டும். இதில் அந்த வரியே இல்லை, எழுத்துகளின் ஓரம் மை ஊறிய மாதிரி தடித்திருந்தது. பழைய இயந்திரத்தை எடுத்து பம்பாய்ப் பக்கம் டயல் அடித்து உலகம் முழுக்க விற்கிற ரகம். வைத்துவிட்டு வந்தேன். வாங்குகிறவர்களைத் தப்பு சொல்லவில்லை, கலர் பிடித்திருந்தால் கட்டலாம், பழசு என்று நினைத்துக் காசு கொடுக்காமல் இருந்தால் சரி.

ஒரே ஒரு எச்சரிக்கை. ராத்திரியில் மின்னுவதற்குப் பச்சை பூசிய மிகப் பழைய வாட்ச் கிடைத்தால் திறந்து சுரண்டாதீர்கள். அறுபதுகள் வரை அதில் ரேடியம் கலந்தார்கள், பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். மினுக்கம் நின்றுபோனதற்குக் காரணம் கூடச் சேர்த்த பூச்சு செத்ததுதான், ரேடியம் அங்கேயே இருக்கிறது.

பசார் காராட்டில் ஒருவர் கைகாட்டித்தான் அந்த ரிப்பேர்காரர் கிடைத்தார். ஈப்போ பழைய டவுனில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கண்ணாடி மேசை, எழுபதைத் தாண்டிய சீனப் பெரியவர், என்னைத் தம்பி என்பார், மற்றதெல்லாம் மலாய். போன மாதம் டிட்டோனி மறுபடி நின்றதும் கொண்டுபோனேன். கையில் வாங்கி, பளபளத்த முதுகைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "யார் பண்ணினது?" என்று கேட்டார். நான்தான் அங்கிள், என்றேன். ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திருகிக் கழற்றி, உட்பக்கத்தை விளக்கடியில் சாய்த்துப் பிடித்து என்னைக் குனியச் சொன்னார்.

வெளியே துடைத்தவர்கள் உள்ளே துடைக்கவில்லை. முடி கனத்தில், ஊசியால் கீறிய மூன்று குறிகள். ரிப்பேர் செய்கிறவர்கள் தங்கள் அடையாளத்துக்காக எப்போது திறந்தோம் என்று கீறி வைப்பார்களாம், அடுத்த முறை வந்தால் தெரிய வேண்டுமே. ஒன்று 6-93. ஒன்று வெறும் 87. எல்லாவற்றுக்கும் பழையது, விளிம்பை ஒட்டி, 1-82, பக்கத்தில் ஒரு சீன எழுத்து.

ஜனவரி 82. பொங்கல் மாதம்.

எண்ணெய் காய்ந்துபோயிருக்கிறது, கழுவி ஓட்டித் தருகிறேன், நூற்றெண்பது வெள்ளி என்றார். டயலை ஒன்றும் செய்ய முடியாதா என்று கேட்டதற்குக் கையை விரித்தார். மூன்று வாரம் கழித்து வாங்கப் போனபோது வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது, மூடி மட்டும் தனியாக மேசைமேல் கிடந்தது, என்னிடம் காட்டிவிட்டுத்தான் மூட வேண்டும் என்று வைத்திருந்தாராம். 6-93க்குக் கீழே அவர் போன வாரத்து மாதத்தையும் வருஷத்தையும் கீறியிருந்தார், கை நடுங்கியதில் கடைசி எண் கொஞ்சம் கோணல். மூடியைத் திருகிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த 1-82 கதையைச் சொன்னேன். "பாட்டி ரேடியோன்னு சொல்லுவாங்க, அப்ப நம்ம லயத்துல ரேடியோ கிடையாதுடா, பக்கத்து வீட்டு ரேடியோ" என்றார்.